போகி என்றால் நல்லதா, கெட்டதா? கோல்ஃப் பேச்சு விளங்க ஒரு விவாத இழை

விடிகாலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 2021 ஆகஸ்ட் 7ஆம் தேதி என்றதும் எல்லோருக்கும் நீரஜ் சோப்ராவின் ஈட்டிதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் அந்த நாள் ஈட்டிக்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக் பதக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, அதுவரை கோல்ஃப் சேனலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நானும் அப்பாவும் விடிகாலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்தோம். அம்மா போட்டுக் கொடுத்த காப்பி ஆடை கட்டிப்போனது.

வர்ணனையாளர் "போகி" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "போகியா? பழசை எல்லாம் எரிப்போமே, அதுவா? நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்து "பாருக்குக் கீழே பதினைந்து" என்றார்கள். "எந்தப் பாரு, எங்கே கீழே?" அதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு முறை பந்தைக் குழிக்குள் தட்டும்போதும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவருக்குப் பை தூக்கி வந்தவர் அவருடைய அம்மா என்று தெரிந்ததும் எங்கள் அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரே ஓர் அடியில் வெண்கலம் போனது. நான்காம் இடம்.

அன்றிலிருந்து நாங்கள் விடாமல் பார்க்கிறோம். அப்பா கேட்கும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அகராதிப் பொருள் எனக்குப் போதவில்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் யாரோ ஒரு மனிதர் நின்றுகொண்டு சிரிப்பது போலவே இருக்கிறது. அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இழை. எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

பார் என்பது நன்றாக ஆடுகிறவர் ஒரு குழியை முடிக்க எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகளின் கணக்கு. தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. பதினெட்டுக் குழிக்கும் கூட்டினால் மைதானத்தின் பார் வரும். டோக்கியோவில் அது 71. நான்கு நாளைக்கு 284. அதிதி எடுத்தது 269. அதுதான் "பாருக்குக் கீழே பதினைந்து". குறைவாக எடுத்தவர்தான் உசத்தி என்பதை அப்பா ஏற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது.

சொல்வேட்டை

அருமையான இழை தம்பி. "பார்" பங்குச்சந்தையிலிருந்து வந்த சொல். ஒரு பங்கின் இயல்பு மதிப்பை அப்படிச் சொல்வார்கள். 1870இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் நடக்கவிருந்த ஓப்பன் போட்டிக்கு முன்னால், டோல்மன் என்ற எழுத்தாளர் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம், "தப்பே செய்யாமல் ஆடினால் எத்தனை அடி வரும்?" என்று கேட்டார். அப்போது அந்த மைதானத்தில் 12 குழிதான். 49 என்றார்கள். டோல்மன் அதற்குப் "பார்" என்று பெயர் வைத்தார். மூன்று சுற்றுக்கு 147. அந்த ஆண்டு கோப்பையை வென்ற இளைய டாம் மாரிஸ் எடுத்தது 149. தப்பே செய்யாத ஆட்டத்தை விட இரண்டே அடி அதிகம்!

போகி கதை இதை விடச் சுவையானது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: போகி பிறந்தபோது நல்ல சொல்தான்.

1890ஐ ஒட்டி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஹியூ ரோதராம் என்பவர், ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு நிலையான கணக்கு வைத்து, அதை எதிராளியாக நினைத்து ஆடலாமே என்றார். கண்ணுக்குத் தெரியாத, சோர்வே இல்லாத, தப்பே செய்யாத எதிராளி. அந்தக் காலத்தில் மேடைகளில் "போகி மேன் வருகிறான், முடிந்தால் பிடி" என்ற பாட்டு பிரபலம். போகி மேன் என்றால் நம்ம ஊர்ப் பூச்சாண்டி. கிரேட் யார்மத்தில் இந்தப் புது முறையில் ஆடித் திணறிய மேஜர் வெல்மன், "உங்க ஆள் சரியான பூச்சாண்டியப்பா!" என்று அலுத்துக்கொண்டாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.

1892இல் கோஸ்போர்ட்டில் இருந்த படைவீரர் கிளப்புக்கு இந்தப் பூச்சாண்டி போய்ச் சேர்ந்தார். அங்கே உறுப்பினர் எல்லோருக்கும் ராணுவப் பதவி உண்டு. பதவி இல்லாத ஓர் ஆளோடு எப்படி ஆடுவது? இவ்வளவு திறமையான ஆள் கர்னலாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆளே இல்லாத ஆளுக்குக் கர்னல் பட்டம் கொடுத்துவிட்டார்கள். கர்னல் போகி அப்படி வந்தவர்தான்.

விடிகாலை

அக்கா, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பூச்சாண்டிக்குப் பதவி உயர்வா!" என்று இரண்டு தடவை சொல்லிச் சிரித்தார். ஆனால் இன்றைக்குப் போகி என்றால் பாரை விட ஓர் அடி கூடுதல்தானே? அது எப்போது கெட்டுப்போனது?

சொல்வேட்டை

அமெரிக்கர்கள் கையில் போனபோது. பந்து மேம்பட்டது, அடி தூரம் போனது, பார் கணக்கு இறுகியது. போகி கணக்கு பழைய அளவிலேயே நின்றுவிட்டது. அதனால் பல குழிகளில் போகி பாரை விட ஒன்று அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் அதையே பொருளாக்கிக்கொண்டார்கள். கர்னல் ஆட்டத்தில் சறுக்கவில்லை, அவரைச் சுற்றி மற்றவர்கள் முன்னேறிவிட்டார்கள்.

பொரளை ரயில்

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். கர்னல் போகி என்று ஒரு அணிவகுப்பு இசை இருக்கிறதே, 1914இல் வந்தது, அதுவும் கோல்ஃபிலிருந்துதான் பிறந்தது. இசையமைத்தவர் பிரிட்டிஷ் படை இசைக்குழுத் தலைவர் ரிக்கெட்ஸ், கென்னத் ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் எழுதியவர். ஸ்காட்லாந்தில் அவரோடு ஆடிய ஒருவர், பந்து வருகிறது என்று மற்றவர்களை எச்சரிக்க "ஃபோர்!" என்று கத்தாமல் இரண்டு ஸ்வரத்தில் விசில் அடிப்பாராம். அந்த இரண்டு ஸ்வரத்தில்தான் மெட்டு தொடங்குகிறது.

எங்கட ஆட்களுக்கு அந்த மெட்டு நல்லாகத் தெரியும். 1957இல் வெளியான, குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய போர்ப் படத்தில் கைதிகள் விசில் அடித்துக்கொண்டு நடந்து வருவார்களே, அதுதான் இது. அந்தப் பாலத்தைக் கட்டிப் படம் எடுத்தது எங்கட கித்துல்கலயில். என்ர அம்மப்பா அந்த மெட்டை விசிலடித்துக்கொண்டுதான் சவரம் செய்வார். அது ஒரு கோல்ஃப் விசில் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சரியான சந்தோஷப்பட்டிருப்பார்.

வாரயிறுதி

நான் ஆறு மாதமாகக் கற்றுக்கொள்கிறேன். "ஃபோர்" பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் காக்கும் சொல். யாராவது ஃபோர் என்று கத்தினால் எந்தப் பக்கம் என்று நிமிர்ந்து பார்க்காதீர்கள். குனிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். முதல் வாரம் நான் நிமிர்ந்து பார்த்தேன். பந்து காதுக்குப் பக்கத்தில் வண்டு போலப் போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கிருந்து வந்த சொல் அது?

சொல்வேட்டை

"முன்னால் இருப்பவரே, கவனம்" என்பதன் சுருக்கம் என்பது ஒரு கருத்து. பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க முன்கூட்டியே போய் நிற்கும் ஆளுக்கு ஃபோர்கேடி என்று பெயர், அவரைக் கூப்பிடும் குரல்தான் சுருங்கியது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. அந்த ஆளை வட இந்திய மைதானங்களில் ஆகேவாலா என்பார்கள். முன்னால் போகிறவர். நல்ல சொல் இல்லையா?

மலைச்சரிவு

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் இருபத்திரண்டு வருடம் பை தூக்கினேன். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த இழையை என் மருமகள் காட்டினாள்.

எனக்கு ஒரு மனக்குறை. எங்கள் தொழிலைத் தமிழில் எழுதினால் "கேடி" என்று வருகிறது. போலீஸ் பதிவேட்டுச் சுருக்கத்திலிருந்து வந்த கேடிக்கும் எங்களுக்கும் எழுத்தில் வித்தியாசமே இல்லை. ஒரு தடவை என் மகனின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் அப்படி எழுதிக் கொடுத்தேன். வாங்கிய எழுத்தர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் மறக்கவில்லை.

சொல்வேட்டை

ஐயா, உங்கள் சொல்லின் வம்சம் பெரியது. பிரெஞ்சில் "காதே" என்றால் வீட்டின் இளைய பிள்ளை. படையில் சேரும் இளைஞனுக்கும் அதுதான் பெயர், நம் கேடட் அதன் உடன்பிறப்பு. அது ஸ்காட்லாந்து போய், எடின்பரோ தெருக்களில் கடிதம் கொண்டு போகிற, தண்ணீர் சுமக்கிற, வழி காட்டுகிற ஆட்களுக்குப் பெயரானது. அந்த நகரத்தில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும், நம்பிப் பணத்தைக் கொடுத்து அனுப்புவார்கள் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுத்து ஒன்றாகிவிட்டது. ஆனால் உங்கள் சொல் நம்பிக்கையிலிருந்து வந்தது.

மலைச்சரிவு

நன்றி அம்மா. இதை என் மகனிடம் சொல்லிவிட்டேன்.

சரி, நான் அடிகளின் பெயரைச் சொல்கிறேன். நல்ல அடிக்குப் பெயர் குறைவு. தப்பான அடிக்குத்தான் ஊர்ப்பட்ட பெயர்.

மட்டை பந்தின் தலையில் பட்டு, பந்து தரையோடு தரையாகப் புல்லைச் சீய்த்துக்கொண்டு ஓடினால் அது மண்புழுப் பொசுக்கி. அது போகிற வழியில் இருக்கிற புழு எல்லாம் கருகிவிடும் என்று அர்த்தம். பந்துக்கு முன்னாலேயே மண்ணை வெட்டினால் குண்டு அடி. பிய்ந்த புல்கட்டி பந்தை விடத் தூரம் போகும். அந்தப் புல்கட்டிக்கு டிவட் என்று பெயர், அதை எடுத்து வந்து இருந்த இடத்தில் வைத்து மிதித்துவிட்டுப் போக வேண்டும். இது தெரியாதவரோடு நான் பை தூக்கப் பிரியப்பட மாட்டேன். பந்து வலப்பக்கம் வளைந்து வளைந்து போனால் வாழைப்பழ அடி.

பால்மரம்

எந்த வாழைப்பழம் ஐயா?

மலைச்சரிவு

பூவன் அவ்வளவு வளையாது. பக்கத்துக் குழிக்குப் போகிற புல்வெளிப் பாதையில், அதாவது ஃபேர்வேயில், போய் விழுந்தால் நேந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், வருவதுதான் எனக்குப் பிடித்த பெயர். மேலிருந்து செங்குத்தாக விழுகிற பந்து மணலுக்குள் பாதி புதைந்து, சுற்றிலும் ஒரு வட்டக் குழி விழுந்திருக்கும். வெள்ளைக்காரர் அதைப் பொரித்த முட்டை என்பார். நம்ம பையன்கள் "சார், ஆஃப்பாயில்" என்பார்கள். பார்த்தால் அச்சு அசல் அதுதான். நடுவில் உப்பியது பந்து, சுற்றி விரிந்தது மணல்.

வழக்கமான பங்கர் அடிக்கு மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து வைத்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலைச் சீவ வேண்டும். மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். ஆஃப்பாயிலுக்கு அது நடக்காது. முகத்தை மூடு, செங்குத்தாகப் பின்னாலேயே இறக்கு, மட்டையை மணலிலேயே விட்டுவிடு. கடப்பாரை போடுகிற மாதிரி. பந்து தாழ்வாக வெளியே வரும், வந்ததும் ஓடும், நிற்காது. அதனால் குழிக்குப் பக்கத்தில் விழ வைக்கப் பார்க்கக் கூடாது. ஓட இடம் விட வேண்டும். ஒருவருக்கு இதைச் சொல்லி, அவர் அப்படியே அடித்து, பந்து உருண்டு உருண்டு போய்க் குழிக்குள்ளேயே விழுந்தது. மணல் முகமெல்லாம் ஒட்டியபடி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பங்கரிலிருந்து நேரே குழிக்குள் விழுந்தால் அதற்குப் பெயர் தங்கக் கீரி. ஃபெரட் என்பது கீரி மாதிரி ஒரு பிராணி, முயல் வளைக்குள் புகுந்து போகும்.

விடிகாலை

ஐயா, "கடப்பாரை" என்று வாசித்ததும் அப்பா எழுந்து நின்று குடையை வைத்து அடித்துக் காட்டினார். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவர்.

சொல்வேட்டை

பங்கர் என்று பேச்சு வந்த பிறகு நகாஜிமாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1978 ஓப்பன், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். 17ஆம் குழிக்கு ரோடு ஹோல் என்று பெயர், பக்கத்திலேயே சாலை ஓடுகிறது. பார் 4. ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, வந்துவிட்டார், முன்னணியில் இருப்பவர்களுக்கு அருகில் இருக்கிறார். மெதுவாகத் தட்டிய பந்து சரிவில் திரும்பி, கிரீனை விட்டு இறங்கி, பக்கத்திலிருந்த ஆழமான பங்கருக்குள் போய்விட்டது. வெளியே எடுக்க நான்கு அடி. மொத்தம் ஒன்பது. அன்றிலிருந்து அந்த மணலுக்கு "நகாஜிமாவின் மணல்" என்று பெயர். ஒருவருக்கு நேர்ந்த பத்து நிமிட வேதனை ஓர் இடப்பெயராகிவிட்டது. அவர் அதன் பிறகும் பல வருடம் ஆடினார், ஜப்பானில் நிறைய வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே மைதானத்தில் 14ஆம் குழியில் நரக பங்கர், 18இல் பாவப் பள்ளத்தாக்கு. ஒரு சுற்று முடித்து வந்தால் புராணம் ஒன்று வாசித்த மாதிரி.

வாரயிறுதி

எனக்கு ஒரு சந்தேகம். ஷாங்க் என்ற சொல்லை என் பயிற்சியாளர் சொல்லவே மாட்டேன் என்கிறார். நான் சொன்னாலும் முகம் மாறுகிறது. ஏன்?

மலைச்சரிவு

சொல்லாதீர்கள் அம்மா. மட்டையின் தலையும் தண்டும் சேருகிற கழுத்தில் பந்து பட்டால், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து நேர் வலப்பக்கமாகப் பறக்கும். ஒன்று வந்தால் அடுத்ததும் வரும். கை பயந்துவிடும். எங்கள் ஊரில் ராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டோம், பூச்சி என்போம். அதே சங்கதிதான் இது. "பக்கவாட்டு" என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

சொல்வேட்டை

யிப்ஸும் அந்தச் சாதிதான். இரண்டடி தூரத்தில் குழி, பந்தைத் தட்ட வேண்டும், கை தானாக வெட்டி இழுக்கும். பெயர் வைத்தவர் 1927 அமெரிக்க ஓப்பனை வென்ற டாமி ஆர்மர் என்பார்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இதில் மாட்டி, மட்டையைப் பிடிக்கிற விதத்தையே பலமுறை மாற்றி மாற்றி மீண்டு வந்தார். அவரை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

பால்மரம்

ஈப்போவிலிருந்து வணக்கம். பந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதில் எங்கள் மண்ணுக்கும் பங்கு உண்டு.

முதலில் பந்து என்பது தைத்த தோல் பைக்குள் அடைத்த இறகு. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு என்பார்கள். ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில பந்துதான் முடியும். அதனால் விலை அதிகம், மழையில் நனைந்தால் போச்சு. 1848 வாக்கில் குட்டாபெர்ச்சா வந்தது. மலாயாக் காடுகளில் வளர்ந்த மரத்தின் பால். பெயரே மலாய்தான், கெதா பெர்ச்சா. கெதா என்றால் மரப்பால். சுடுநீரில் இளக்கி உருட்டினால் பந்து. விலை விழுந்தது, சாதாரண மனிதர்கள் ஆட வந்தார்கள். ஆட்டக்காரர்கள் பந்தைச் செல்லமாகக் "கட்டி" என்றார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. புதுப் பந்து நேராகப் பறக்காது. நாலு அடி வாங்கி, வெட்டும் கீறலும் விழுந்த பழைய பந்துதான் நன்றாகப் பறக்கும். அதைக் கவனித்த பிறகு புதுப் பந்திலேயே கீறல் போட்டு விற்றார்கள். இன்றைக்குப் பந்தில் இருக்கிற குழிகளுக்கு அதுதான் தொடக்கம்.

என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அது ரப்பர், வேறு மரம். ஆனாலும் டிவியில் பந்தைப் பார்க்கும்போது எனக்குக் காலை நாலு மணிக்குக் கையில் விளக்கோடு போகிற அவர் ஞாபகம்தான் வரும்.

விடிகாலை

இதை வாசித்துவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த கேள்வி பறவைகள். பாரை விட ஒன்று குறைந்தால் பர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்றென்றால் ஆல்பட்ராஸ். இதைத் தமிழில் குருவி, கழுகு என்று எழுதினால் என்ன?

சொல்வேட்டை

வேண்டாம் தம்பி. குருவி என்று எழுதினால் சின்னது என்ற எண்ணம்தான் வரும். பர்டியில் பறவையின் அளவே கணக்கில்லை. அந்தக் கால அமெரிக்கப் பேச்சில் எது பிரமாதமாக இருந்தாலும் அது "பறவை". அட்லாண்டிக் சிட்டி மைதானத்தில் ஏப் ஸ்மித் என்பவர் அடித்த பந்து குழிக்குச் சில அங்குலத்தில் போய் நின்றது. "பறவை மாதிரி அடி!" என்று கத்தினார். பாரை விட ஒன்று குறைத்து முடித்தால் இரட்டைப் பந்தயப் பணம் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள். 1899 என்றும் 1903 என்றும் இரண்டு ஆண்டு சொல்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் நம்ம ஊராக இருந்திருந்தால் "பேஷ்" என்று பெயர் விழுந்திருக்கும். பெரிய பறவைகள் எல்லாம் பிறகு வரிசையில் வந்து சேர்ந்தவை.

ஆல்பட்ராஸை அமெரிக்கர்கள் இரட்டை ஈகிள் என்பார்கள். 1935 மாஸ்டர்ஸ் போட்டியில் ஜீன் சரசன் 15ஆம் குழியில் 235 கஜத்திலிருந்து அடித்த பந்து நேரே குழிக்குள் போனது. பார் 5, இரண்டே அடி. மூன்று அடி பின்தங்கி இருந்தவர் ஒரே வீச்சில் சமன் செய்து, மறுநாள் நடந்த ஆட்டத்தில் கோப்பையையும் வென்றார்.

வாரயிறுதி

எட்டுக்குப் பனிமனிதன் என்கிறார்களே? ஒரு குழியில் எட்டு அடி எடுத்தால். உருவம் அப்படி இருப்பதால். எனக்குப் பனிமனிதனைப் பார்த்தே பழக்கமில்லை.

மலைச்சரிவு

ஊட்டியில் உறைபனி உண்டு, பொம்மை செய்கிற அளவுக்கு விழாது. நான் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி என்று சொல்லிக் கொடுக்கிறேன். அதுவும் எட்டு மாதிரிதான். தள்ளிவிட்டால் எழுந்து நிற்கும். எட்டு எடுத்த பிள்ளை அடுத்த குழிக்குப் போகும்போது "தலையாட்டி எழுந்துக்கோ" என்பேன். சிரித்துவிடும். அடி சரியாகிவிடும்.

பொரளை ரயில்

இது அழகு ஐயா! தமிழில் இதை நாங்கள் எல்லோரும் பாவிக்க வேண்டும்.

எங்கட ராயல் கொழும்பு மைதானத்துக்குள்ளே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். ஜன்னலில் இருக்கிறவர்கள் கை காட்டுவார்கள். ஒவ்வொரு மைதானத்துக்கும் உள்ளூர் விதி என்று ஒன்று இருக்கும். எனக்குப் பிடித்தது லண்டன் பக்கத்தில் ரிச்மண்ட் கிளப் 1940இல் போட்ட தற்காலிக விதிகள். குண்டு விழுகிற காலம். "போட்டியின்போது குண்டு விழுந்தால் மறைந்துகொள்ளலாம், ஆட்டத்தை நிறுத்தியதற்குத் தண்டனை இல்லை." அது சரி. அடுத்ததைக் கேளுங்கள்: அடிக்கிற அதே நேரத்தில் குண்டு வெடித்து அடி கெட்டுப்போனால் வேறு பந்து வைத்து மறுபடி அடிக்கலாம், ஆனால் ஒரு அடி தண்டனை! ஹிட்லரே வந்தாலும் ஒரு அடி ஒரு அடிதான்.

வாரயிறுதி

அப்படியென்றால் மல்லிகன் எப்படி வந்தது? முதல் அடி கெட்டால் இன்னொன்று அடிக்க விடுகிறார்களே.

சொல்வேட்டை

விதிப் புத்தகத்தில் அது கிடையாது. நண்பர்களுக்குள் மட்டும். மான்ட்ரியலில் டேவிட் மல்லிகன் என்ற ஹோட்டல்காரர் முதல் பந்தைக் கெடுத்துவிட்டு இன்னொன்றை வைத்து அடித்தார் என்பது அதிகம் சொல்லப்படும் கதை. வேறு மல்லிகன்களும் உரிமை கோருகிறார்கள். காலையில் முதல் அடிக்கு மட்டும் கொடுத்தால் காலைச் சாப்பாட்டுப் பந்து.

விடிகாலை

தெருக் கிரிக்கெட்டில் "ட்ரையல் பால்" கேட்போமே! முதல் பந்தில் அவுட் ஆனால் "இது ட்ரையல்டா" என்று நிற்போம். அதுதான்!

மலைச்சரிவு

அதேதான் தம்பி. அதை விட உயர்ந்தது ஒன்று உண்டு. கிம்மி. குழிக்குப் பக்கத்தில் பந்து இருக்கும்போது, "பரவாயில்லை, எடுத்துக்கோ" என்று எதிராளி விட்டுக்கொடுப்பது. ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில் இது விதிப்படியே செல்லும். கேட்டு வாங்கக் கூடாது. எதிராளி தானாகச் சொல்ல வேண்டும்.

1969இல் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேலில் ரைடர் கோப்பை. அமெரிக்காவும் பிரிட்டனும். கடைசி ஆட்டம், கடைசி குழி, எல்லாம் சமம். ஜாக் நிக்லஸ் தன் பந்தைப் போட்டுவிட்டார். டோனி ஜாக்லினுக்குச் சில அடி தூரம் பாக்கி. தவறினால் பிரிட்டன் தோற்கும், சொந்த ஊர்க் கூட்டம் சுற்றி நிற்கிறது. நிக்லஸ் குனிந்து ஜாக்லினின் பந்துக் குறியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். 16க்கு 16. ரைடர் கோப்பை முதல் முறையாகச் சமனில் முடிந்தது. நிக்லஸின் அணித்தலைவருக்கே அது பிடிக்கவில்லை. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என்னை விட மூத்த ஒரு பை தூக்குகிறவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் குனிந்து, புல்லிலிருந்து இல்லாத குறியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்.

பால்மரம்

ஐயா, இதை இன்று ராத்திரி என் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஒரு சின்னக் கேள்வி. ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் கோல்ஃப் என்று எனக்கு மாதம் ஒரு தடவை யாராவது அனுப்புகிறார்கள்.

சொல்வேட்டை

பொய். 1457இலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபைத் தடை செய்து சட்டம் போட்டது. ஆட்கள் வில்வித்தை பழகாமல் இதை ஆடப் போகிறார்கள் என்று. அப்போதே சொல் இருந்திருக்கிறது. மட்டையைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லோடு உறவு என்கிறார்கள். இனி யாராவது அனுப்பினால் அதிதியின் 269ஐத் திருப்பி அனுப்புங்கள்.

விடிகாலை

அப்பாவிடமிருந்து கடைசிக் கேள்வி. நேற்று ஒரு பழைய ஆட்டத்தில் "டார்மி" என்றார்கள். தோற்கிறவர் முகம் வாடிப்போனது.

மலைச்சரிவு

ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில் அதிகக் குழிகளை வென்றவருக்குத்தான் வெற்றி. மூன்று குழி பாக்கி, நீங்கள் மூன்று குழி முன்னிலை. இனி நீங்கள் தோற்க முடியாது, எதிராளி மூன்றையும் வென்றால்தான் சமன். அந்த நிலைக்கு டார்மி. தூங்கு என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், இனி தூங்கிக்கொண்டே ஆடலாம் என்று. அப்பாவிடம் சொல்லுங்கள், நான் பை தூக்கிய ஒருவர் மூன்று முன்னிலையில் நின்று, உண்மையிலேயே ஒரு பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினார். மூன்று குழியையும் விட்டுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெஞ்சுக்குப் பையன்கள் டார்மி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வேலையை விட்டு வருகிற வரைக்கும் அதற்கு அந்தப் பெயர்தான்.